காணொளிக்குப் புள்ளி உண்டு, கருத்துரைக்கு இல்லை

பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடைபடும் ஓசை எளிதில் ஓய்வதில்லை. இடர் நீங்கவேண்டும் என்பதே அங்கு வருவோரின் வேண்டுதல். அதே திருவனந்தபுரத்தில் பகலெல்லாம் கடையிலோ அலுவலகத்திலோ உழைத்து, இரவில் தொலைநிலைப் பட்டத்துக்குப் படிப்பவருக்கும் இடர் உண்டு. ஆனால் அது எந்தத் தேங்காயாலும் தீராது. பல்கலைக்கழகங்களின் பதவி உயர்வுக் கணக்கேட்டில் அமர்ந்திருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஆசிரியரின் ஆய்வுப் பணிக்குப் புள்ளி வழங்கும் பட்டியல் ஒன்று உள்ளது. மானுடவியல் புலங்களில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 10 புள்ளிகள். நான்கு கிரெடிட் கொண்ட முழு இணையப் பாடம் ஒன்றை உருவாக்கினால் 20 புள்ளிகள். கல்வித் தொழில்நுட்பத்துக்கு உரிய மதிப்பு கிடைத்துவிட்டதாகப் பலரும் இதைக் கொண்டாடினர். ஆனால் அந்தப் பட்டியல் எண்ணுவது எதை? உருவாக்கப்பட்ட பாடத்தை மட்டுமே. அதில் சேர்ந்தோர் எத்தனை பேர், முடித்தோர் எத்தனை பேர், இடையில் நின்றோர் ஏன் நின்றனர் என்று அது கேட்பதில்லை. மூணாற்றிலிருந்து ஒரு மாணவி அனுப்பும் ஒப்படைப்பைப் படித்து, பிழை சுட்டி, அரைப்பக்கக் கருத்துரை எழுதும் ஆசிரியருக்கு அப்பட்டியலில் ஒரு புள்ளிகூட இல்லை. 2025 ஜனவரியில் வெளியான வரைவு விதிமுறைகள் புள்ளிமுறையைக் கைவிட முன்வந்தன. ஆனால் பங்களிப்புத் துறைகளுள் ஒன்றாக அவை குறிப்பிட்டதும் இணையப் பாடங்களுக்கான உள்ளடக்க உருவாக்கத்தையே.

கணக்கு எங்கு இருக்கிறதோ அங்குதான் உழைப்பும் செல்லும். இளம் உதவிப் பேராசிரியர் ஒளிப்பதிவுக் கூடத்துக்குச் செல்கிறார்; ஒப்படைப்புகள் கட்டவிழாமல் கிடக்கின்றன. குற்றம் அவருடையது அன்று. ஆயினும் அதன் விலையைத் தருபவர் மாணவர்.

தொலைநிலைக் கல்வியின் கோட்பாடு அறிந்தோருக்கு இது வியப்பளிக்காது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலுள்ள தொலைவைக் கிலோமீட்டரில் அளக்க இயலாது. உரையாடல் குறையக் குறையவே தொலைவு கூடும் என்று மைக்கேல் மூர் அரைநூற்றாண்டுக்கு முன்பே விளக்கத் தொடங்கினார். 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைக்காட்சிப் பாடங்களால் புகழ் பெற்றது. அதைத் தாங்கி நிறுத்தியதோ, ஒப்படைப்புகளுக்கு எழுத்தில் மறுமொழி தந்த பயிற்றுநர் படை. இந்தியா அந்தத் தொலைக்காட்சியைக் கண்டது, பயிற்றுநரைக் காணவில்லை.

கேரளத்தின் அண்மை வரலாறே இதற்குச் சான்று. எஜுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பரில் ஏவப்பட்டது. மறு ஆண்டே திருவனந்தபுரத்தில் விக்டர்ஸ் கல்வி அலைவரிசையை அப்துல் கலாம் தொடங்கிவைத்தார். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூன் 1 அன்று, அவ்வலைவரிசையில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. கருவியும் கூடமும் ஆயத்தமாக இருந்தன. எனினும் ஏறத்தாழ 2.6 லட்சம் மாணவர்களுக்குத் தொலைக்காட்சியோ இணையமோ எட்டவில்லை என்று அரசுக் கணக்கெடுப்பே காட்டியது. அந்த இடைவெளியை நிரப்ப இன்னொரு செயற்கைக்கோள் வரவில்லை. ஊர் நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் தொலைக்காட்சிகள் வைக்கப்பட்டன. வகுப்பாசிரியர்கள் மாணவர்களைத் தொலைபேசியில் தொடர்ந்தனர். பி. என். பணிக்கர் 1945இல் வித்திட்ட நூலக இயக்கமே 2020இன் மின்னணுக் கல்விக்குத் தோள் கொடுத்தது. இப்பாடத்தைப் பல்கலைக்கழகங்கள் கற்றனவா?

இத்துறையில் ஒருவர் தொடங்கி வளரும் பாதையும் சீராக இல்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி பொது நிர்வாகவியல் அறிஞர். பின்னர் அப்பொறுப்பேற்ற வா. செ. குழந்தைசாமி நீரியல் அறிஞர். அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்து அங்கு சென்றவர். 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தையும் வடிவமைத்தவர். இருவரும் பெரும்பணி ஆற்றினர். துறையே உருவாகாத காலத்தில் பிற துறையினர் வந்து கட்டியது இயல்பு. ஆனால் நாற்பதாண்டுகளுக்குப் பின்னும் தொலைநிலைக் கல்வியில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், ‘உமது முதன்மைப் பாடம் எது?’ என்ற கேள்வியோடு நேர்காணலில் நிறுத்தப்படுவாராயின், அதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

தொலைநிலைக் கல்வியே பட்டம் விற்கும் சந்தை, அதற்கு ஏன் இத்தனை மதிப்பு என்று சிலர் வினவுவர். இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில உரிய ஒப்புதலின்றித் தொலைநிலையில் பொறியியல் பட்டங்கள் வழங்கியதை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் சந்தை எப்படி உருவாகிறது? கட்டணத்தைத் திரட்டும் துறையாக மட்டும் அதை வைத்து, கற்பிக்கும் ஆசிரியரை அதில் நிலைபெறவிடாமல் செய்வதால் உருவாகிறது. நோயைக் காட்டி மருந்தை மறுப்பது அறிவுடைமை ஆகாது. தொலைநிலைப் பட்டமும் நேர்முகப் பட்டமும் இணையானவை என்று மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. பட்டங்கள் இணை எனில், அவற்றைக் கற்பிப்போரின் உழைப்பும் இணையாக வேண்டாமா?

கொல்லத்தில் 2020 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு இவ்வினா தனிப்பொருள் உடையது. மாநிலத்தின் தொலைநிலைக் கல்வியை ஒரே குடையின்கீழ்க் கொணரும் நோக்கில் அது பிறந்தது. கல்வி மறுக்கப்பட்டோருக்குப் பள்ளிகளைத் திறந்த ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சேர்க்கை எண்ணிக்கை அப்பெயருக்குப் போதாது.

வேண்டுவன மூன்றே. ஒப்படைப்புக்கு எழுதப்படும் கருத்துரையைக் கற்பித்தல் பணியாகக் கணக்கிட்டுப் பதவி உயர்வில் சேர்த்தல். ஒவ்வொரு பாடத்திலும் சேர்ந்தோர், முடித்தோர் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுதல். தொலைநிலை மாணவரின் கட்டணத்தில் குறித்த பங்கை, அம்மாணவருக்கான பயிற்றுநர் ஊதியத்துக்கே ஒதுக்குதல். மூன்றுக்கும் செயற்கைக்கோள் தேவையில்லை. துணைவேந்தரின் கையொப்பமும் ஆட்சிக்குழுவின் மனமும் போதும். அவை கிட்டும்வரை, நள்ளிரவில் எழுதி அனுப்பப்படும் ஒப்படைப்புகள் படிப்பாரற்றுக் கிடக்கும். பல்கலைக்கழகங்களோ புதிய ஒளிப்பதிவுக் கூடங்களுக்கு நாடா வெட்டிக்கொண்டிருக்கும்.