உபயம் வேறு, உரிமை வேறு

கோவிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். பிராகாரத்தில் ஒரு குழல் விளக்கு எரியும். அதன் மேல் "உபயம்" என்று போட்டு, கொடுத்தவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், கடை விலாசம் எல்லாம் எழுதியிருக்கும். வெளிச்சத்தில் பாதியை அந்த எழுத்தே விழுங்கிவிடும். ஆனாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஏதோ ஆசை, பெயரைப் போட்டுக்கொண்டார், போகட்டும் என்று சிரித்துவிட்டு நகர்கிறோம். அதே மனிதர் மறுநாள் வந்து, "விளக்குக் கொடுத்தவன் நான், ஆகையால் மூலவரை மேற்குப் பார்த்துத் திருப்பி வையுங்கள்" என்றால் ஊர் சும்மா இருக்குமா?

வேல்ஸ் நாட்டின் தலைநகரமான கார்டிஃபில் 2012-ம் ஆண்டில் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. அங்கே கோவிலுக்குப் பதில் கால்பந்துக் கழகம். மூலவருக்குப் பதில் ஆட்டக்காரர்களின் சட்டை நிறம்.

கார்டிஃப் சிட்டி கழகத்தின் நிறம் நீலம். நூறு வருஷங்களாக நீலம். 1911-ல் மேட்டர்லிங்க் எழுதிய "நீலப் பறவை" என்ற நாடகம் அந்த நகரத்தில் நடந்தது. அதிலிருந்து கழகத்துக்கே "நீலப் பறவைகள்" என்று செல்லப் பெயர் வந்துவிட்டது. 1927-ல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஆர்சனல் அணியை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைக் கார்டிஃப் கொண்டு போயிற்று. அந்தக் கோப்பை இங்கிலாந்தை விட்டு வெளியே போனது அந்த ஒரே தடவைதான். பேரன் பேத்திகளுக்குச் சொல்ல அந்த ஊர்க் கிழவர்களுக்கு அது ஒன்று போதாதா?

பணம் வந்தது, சிவப்பும் வந்தது

கழகத்துக்கு வெகு காலமாகக் கடன் தொல்லை. 2010-ல் மலேசிய முதலாளிகள் கைக்கு அது மாறியது. பெரும்பணம் போட்டவர் வின்சென்ட் டான் என்ற கோடீஸ்வரர். சட்டையின் மார்பில் மலேசியாவின் பெயர் ஏறியது. அதைப் பற்றி யாரும் பெரிதாக வாய் திறக்கவில்லை. பணம் கொடுக்கிறவர் தம் நாட்டுக்கு விளம்பரம் தேடிக்கொள்கிறார், அவ்வளவுதானே?

ஆனால் 2012 மே மாதத்தில் வேறொரு செய்தி கசிந்தது. நீலச் சட்டையைச் சிவப்பாக மாற்றப் போகிறார்களாம்! ரசிகர்கள் கொதித்தார்கள். திட்டத்தைக் கைவிட்டதாகக் கழகம் அறிவித்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் முதல் வாரத்தில், சொந்த மைதானத்தில் இனிச் சிவப்புச் சட்டைதான் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள். சின்னத்தில் பெரிய சிவப்பு டிராகன் வந்து உட்கார்ந்தது. நீலப் பறவை அதன் கீழே சிறு குருவியாகச் சுருங்கிப்போயிற்று.

காரணம் என்ன? ஆசிய நாடுகளில் சிவப்பு மங்கள நிறம். அங்கே சட்டை விற்கும், பெயர் பரவும் என்றார்கள். வேல்ஸ் நாட்டுக் கொடியில் இருப்பதும் சிவப்பு டிராகன்தானே என்றார்கள். கூடவே கடன் தீர்ப்பது, பயிற்சி மைதானம் அமைப்பது, அரங்கத்தை விரிவாக்குவது என்று பணத்துக்கான வாக்குறுதிகளும் வந்தன. இரண்டையும் பிரித்து வாங்க முடியாது. பணம் வேண்டுமா, சிவப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்.

ஒரே வீட்டில் இரண்டு கட்சி

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். "சட்டை எந்த நிறமானால் என்ன? கழகம் பிழைக்க வேண்டாமா? பக்கத்து ஊர் ஸ்வான்சி 2011-லேயே பிரீமியர் லீகுக்குப் போய்விட்டது. நாம் இன்னும் எத்தனை காலம் வாசலில் நிற்பது?" என்றது ஒரு கட்சி. "நீலம் போன பிறகு பிழைப்பது எங்கள் கழகமே அல்ல" என்றது மறு கட்சி. சிலர் மைதானத்துக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார்கள். சிலர் போனார்கள், ஆனால் நீலச் சால்வையைக் கழுத்தை விட்டுக் கழற்றவில்லை.

முதல் கட்சியைக் கேலி செய்வது சுலபம். நான் அதைச் செய்யமாட்டேன். கடனில் மூழ்குகிறவனிடம் கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பிடி என்று கரையில் நிற்கிறவன் சொல்லலாமா? அவர்கள் பக்கம் வெற்றியும் பேசியது. சிவப்பு வந்த முதல் வருஷமே, 2013-ல், கார்டிஃப் தன் பிரிவில் முதலிடம் பெற்றுப் பிரீமியர் லீகுக்கு ஏறியது. முதல் பிரிவில் அது கடைசியாக ஆடியது 1962-ல். ஐம்பத்தோரு வருஷத் தவம்! அந்த ஆகஸ்டில் மாஞ்செஸ்டர் சிட்டி போன்ற பெரும் அணியையே 3-2 என்று சொந்த மைதானத்தில் வீழ்த்தினார்கள், சிவப்புச் சட்டையில். அன்று ஆனந்தக் கண்ணீர் விட்டவர்களில் நீலக் கட்சிக்காரர்கள் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் அதிர்ஷ்ட நிறம் அதற்கு மேல் கைகொடுக்கவில்லை. டிசம்பரில் மானேஜரை நீக்கினார்கள். 2014-ல் கார்டிஃப் கடைசி இடம் பெற்றுக் கீழே இறங்கியது. கோல் போடுவது காலா, சட்டையின் சாயமா என்ற கேள்விக்கு அட்டவணையே பதில் சொல்லிவிட்டது. நீலத்தைத் திருப்பிக் கொடு என்று ரசிகர்கள் ஊர்வலம் போனார்கள்.

பெயர் போகும், பட்டை நிற்கும்

மார்பில் விளம்பரப் பெயரைப் பொறுத்துக்கொண்ட ரசிகர்கள் நிறத்தை மட்டும் ஏன் பொறுக்கவில்லை? இது வெறும் வீம்பு என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

விளம்பரப் பெயர் என்பது வாடகைக்கு வந்த குடித்தனம். இங்கிலாந்தில் அது குடிவந்த கதையே வேடிக்கையானது. 1976 ஜனவரியில் கெட்டரிங் டவுன் என்ற சிறு கழகம் "கெட்டரிங் டயர்ஸ்" என்று ஒரு கடையின் பெயரைச் சட்டையில் போட்டு ஆடியது. கால்பந்துச் சங்கம் சீறி விழுந்து அழிக்கச் சொன்னது. கழகத்தார் "டயர்ஸ்" என்பதில் முதல் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தார்கள். கேட்டதற்கு, "அது எங்கள் 'டவுன்' என்பதன் முதல் எழுத்து ஐயா!" என்று சாதித்தார்கள். சங்கம் ஏமாறவில்லை. ஆனால் அடுத்த வருஷமே விளம்பரத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் குடித்தனக்காரர்களில் நல்லவர்களும் உண்டு, பொல்லாதவர்களும் உண்டு. நியூகாசில் யுனைடெட் கழகம் 2012-ல் வோங்கா என்ற கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தது. நம் ஊரில் கந்துவட்டி என்போமே, அந்த ரகத்துக் கடன் கொடுக்கும் வியாபாரம். ஏழை பாழைகள் நிறைந்த ஊரில், அவர்களை உறிஞ்சும் கடையின் பெயரை அவர்கள் பிள்ளைகளின் மார்பில் எழுதுவதா என்று நகர மன்றத் தலைவரே கண்டித்தார். அடுத்த வருஷம் பாப்பிஸ் சிஸ்ஸே என்ற ஆட்டக்காரர், வட்டி தம் மதத்துக்கு விரோதம் என்று அந்தச் சட்டையை அணியத் தயங்கினார், பிறகு இணங்கினார். கண்டனம் நியாயமானது. என்றாலும் 2017-ல் அந்தப் பெயர் சட்டையை விட்டுப் போயிற்று. 2018-ல் அந்தக் கம்பெனியே குப்புற விழுந்தது. நியூகாசிலின் கறுப்பு வெள்ளைப் பட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

வாடகைக்காரர் நடத்தை சரியில்லையென்றால் வீட்டுக்காரர் வருத்தப்படுவார், சண்டையும் போடுவார். ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் அவர் வெளியேறுவார் என்ற நம்பிக்கை இருக்கிறது. வாடகைக்கு வந்தவரே வீட்டின் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்று என்றால்தான் வயிறு எரிகிறது.

"நிறம் என்ன, வேத காலத்து நிறமா? 1899-ல் ரிவர்சைடு என்ற பெயரில் தொடங்கியபோது கார்டிஃப் கழகத்தின் சட்டை சாக்கலேட் நிறமும் மஞ்சளும்தானே? 1960-களின் தொடக்கத்தில் லீட்ஸ் கழகம் நீலத்தையும் பொன் நிறத்தையும் விட்டு வெள்ளைக்கு மாறவில்லையா?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் லீட்ஸில் மாற்றியவர் டான் ரெவி, அந்த அணியின் மானேஜர். ரியால் மாட்ரிட்போலத் தம் பையன்களும் ஆட வேண்டும் என்ற ஆசையில் அவர் வெள்ளை உடுத்தினார். அது வீட்டுக்குள் எடுத்த முடிவு. கார்டிஃபில் நடந்தது, கண் காணாத சந்தையில் சட்டை விற்பதற்காக, வீட்டில் இருப்பவர்களைக் கேளாமல் எடுத்த முடிவு. நிறம் மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. யாரைக் கேட்டு மாற்றுவது என்பதே என் கேள்வி.

ஊதாக்காரர்களின் வைராக்கியம்

கேளாமல் மாற்றினால் என்ன ஆகும்? ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் நகரத்தைப் பாருங்கள். 1933-ல் பிறந்த ஆஸ்திரியா சால்ஸ்பர்க் கழகத்தை 2005-ல் ரெட் புல் என்ற பானக் கம்பெனி வாங்கியது. கழகத்தின் பெயரும் மாறியது, ஊதா நிறமும் போயிற்று. கெஞ்சிய ரசிகர்களுக்குக் கிடைத்த சலுகை, கோல் காப்பவரின் காலுறை மட்டும் ஊதாவாக இருக்கலாம் என்பது! அவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். பழைய பெயரில், ஊதாச் சட்டையோடு தாங்களே ஒரு கழகம் தொடங்கி, 2006-ல் நாட்டின் அடிமட்டப் பிரிவிலிருந்து ஆடத் தொடங்கினார்கள். 2023 செப்டம்பரில் ஆஸ்திரியக் கோப்பைப் போட்டியில் இரண்டு கழகங்களும் முதல் தடவையாக மோதின. ரெட் புல் 4-0 என்று வென்றது. பணம் ஜெயித்தது, வாஸ்தவம். ஆனால் பதினெட்டு வருஷங்களுக்குப் பிறகும் அந்த மைதானத்தில் ஊதாச் சட்டை எதிரே நின்றது.

கார்டிஃபில் கதை அந்த அளவுக்கு முற்றவில்லை. 2015 ஜனவரியில் வின்சென்ட் டான் மனம் மாறினார். ஒற்றுமையும் சந்தோஷமும் முக்கியம் என்று தம் தாயார் எடுத்துச் சொன்னதாக அவரே அறிக்கை விட்டார். கோடீஸ்வரராக இருந்தாலும் தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை. அந்த மட்டில் அவரைப் பாராட்ட வேண்டும். ஜனவரி 10 அன்று கார்டிஃப் நீலச் சட்டையில் ஃபுல்ஹாமை 1-0 என்று வென்றது. சின்னத்தில் நீலப் பறவை பழையபடி பெரிதாயிற்று. டிராகன் சிறிதாகிக் கீழே இறங்கியது.

ஆனால் எல்லா முதலாளிக்கும் அப்படி ஒரு தாயார் வாய்ப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா? ஆகையால்தான் சட்டம் வேண்டியிருக்கிறது. 2025-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு கால்பந்துக் கழகங்களின் நிர்வாகத்துக்கென ஒரு சட்டம் நிறைவேற்றியது. கழகத்தின் சின்னத்தையோ, சொந்த மைதானச் சட்டையின் பிரதான நிறத்தையோ பெரிதாக மாற்றுவதானால், உள்நாட்டு ரசிகர்களில் பெரும்பாலோர் அதற்குச் சம்மதிக்கிறார்கள் என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்கிறது அது. விளம்பரப் பெயருக்கு அந்த நிபந்தனையைப் போடவில்லை. உபயம் எது, உரிமை எது என்று ரசிகர்கள் மைதானத்தில் நின்று போட்ட கோடு, கடைசியில் சட்டப் புத்தகத்திலும் ஏறிவிட்டது.

பணம் போடுகிறவர்கள் வேண்டும். அவர்கள் இல்லாமல் விளக்கு எரியாது. பெயரை எழுதிக்கொள்ளட்டும், பெரிய எழுத்திலேயே எழுதிக்கொள்ளட்டும். ஆனால் மழையிலும் தோல்வியிலும் கூடவே நின்றவர்களுக்கு அந்த நிறத்தைத் தவிர வேறு சொத்து கிடையாது. அதைத் தொடுவதற்கு முன் அவர்களை ஒரு வார்த்தை கேட்பதுதான் மரியாதை.