முதலில் பாஸை அனுப்புங்கள்!

ஸ்டார் ஹோட்டல் ஹால், மதியம் பிரியாணி, திரையில் கலர் கலராக ஸ்லைடு. 'தவறுகளிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்' என்று இரண்டு நாள் பயிற்சி. உங்கள் கம்பெனியிலும் நடந்திருக்கும். திங்கட்கிழமை மீட்டிங்கில் சேல்ஸ் குறைந்தது தெரிந்ததும் மானேஜர் முதலில் என்ன கேட்கிறார்? 'யாருய்யா இதைப் பண்ணது?' போச்சு! ரெண்டு நாள் செலவும் ஒரே கேள்வியில் காலி.

'வளர்ச்சி மனப்பான்மை' என்பது ஸ்டான்ஃபோர்டு பேராசிரியை கரோல் ட்வெக் 2006-ல் எழுதிய புத்தகத்தால் பிரபலமான வார்த்தை. திறமை பிறவியோடு முடிந்துபோகிற விஷயமில்லை, உழைத்துக் கூட்டலாம் என்பது சாரம். நல்ல சரக்குதான். ஆனால், நம்ம முதலாளிகள் அதை ஊழியர்கள் மட்டும் சாப்பிடவேண்டிய மருந்தாக நினைக்கிறார்கள். நோய் மேல்மாடியில் அல்லவா இருக்கிறது!

மைக்ரோசாஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருஷமாக அங்கே ஒரு வழக்கம். டீமில் எல்லோருமே கெட்டிக்காரர்களாக இருந்தாலும் சிலருக்கு மோசமான மார்க் போட்டே ஆகணும். பக்கத்து சீட்டுக்காரன் ஜெயித்தால் நான் தோற்றேன். அப்புறம் எவன் உதவுவான்? 2013 நவம்பரில் அதைத் தூக்கிப் போட்டார்கள். 2014 பிப்ரவரியில் சத்யா நாதெள்ளா சி.இ.ஓ. ஆனார். ட்வெக்கின் புத்தகத்தை மனைவி அனு கொடுத்துப் படித்தவர். அந்த அக்டோபரிலேயே சோதனை வந்தது. பெண்கள் சம்பள உயர்வு கேட்காமல் சிஸ்டத்தை நம்பலாம் என்கிற மாதிரி மேடையில் பேசி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். தன் பதில் முழுக்கத் தப்பு என்று அன்றைக்கே ஊழியர்களுக்கு எழுதினார். 2016 மார்ச்சில் 'டே' என்கிற சாட்பாட் இனவெறி பேசி, ஒரே நாளில் மூடவேண்டி வந்தது. அந்த டீமுக்கு அவரிடமிருந்து போனது மெமோ அல்ல; விடாமல் செய்யுங்கள், நான் கூட இருக்கிறேன் என்ற மெயில்.

அதற்காகக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். 2023 ஜனவரியில் 10,000 பேரை வீட்டுக்கு அனுப்பும் அறிவிப்பும் அவர் பெயரில்தான் வந்தது. ஆனால், பெரியவர் வாய்விட்டுத் தப்பை ஒப்புக்கொண்டால்தான் கடைசி சீட்டுப் பையனுக்கும் வாய் திறக்கத் தைரியம் வரும். இல்லையென்றால், கெட்ட செய்தி மேஜை டிராயரிலேயே தூங்கும். கஸ்டமர் வந்து கத்தும்போதுதான் முதலாளிக்கே தெரியும்.

முதலாளிகளே, பி.காம். படித்தவன் என்பதால் கேட்கிறேன். வாராக் கடனுக்கு வருஷா வருஷம் கணக்கில் ஒதுக்கு வைக்கிறீர்களே... புதுசா சேர்ந்த அக்கவுன்டன்ட் பையன் ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் முதல் தடவை சறுக்கினால், அதற்கு ஏன் ஒத்தைப் பைசா ஒதுக்குவதில்லை?