ஈக்கோ வாங்குவது இழுக்கா?

"கமர்ஷியல் வண்டியையா வீட்டுக்கு வாங்கப் போகிறீர்கள்?" கடந்த சில வாரங்களாக இந்தக் கேள்வியைப் பல்கலைக்கழக நண்பர்களிடமிருந்தே கேட்டு வருகிறேன். சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் வர்க்கத்தைக் கருத்தரங்குதோறும் கட்டுடைப்பவர்கள், ஒரு மாருதி வேனைக் கண்டதும் அதே வர்க்கத்தின் குரலில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு 'போக்குவரத்து வாகனம்' எனத் தனி வகை ஒன்றை வரையறுக்கிறது. வண்டியின் உருவம் மட்டுமன்றி, அது எதற்குப் பயன்படுகிறது என்பதும் அங்கே கணக்கு. ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும்படி அமைந்த வண்டிக்கு அதே பிரிவு தரும் பெயர் 'ஆம்னிபஸ்'. 'எல்லோருக்கும்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல் அது. ஆகவே நண்பர்கள் மதிக்கும் எட்டு இருக்கை இன்னோவா சட்டப்படி ஆம்னிபஸ். அவர்கள் இகழும் ஏழு இருக்கை ஈக்கோ, வீட்டுப் பயன்பாட்டில் இருக்கும்வரை, வெறும் மோட்டார் கார்! (ஆம்னி என்றே பெயர் சூட்டப்பட்ட ஐந்து இருக்கை மாருதி வேனும் ஆம்னிபஸ் அன்று.)

பாதுகாப்பைச் சுட்டுவோரின் வாதம் மட்டுமே பொருட்படுத்தத் தக்கது. 2016இல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் காற்றுப்பை இல்லாத ஈக்கோ பெற்றது சுழியம். ஆனால் அதே சுற்றில் காற்றுப்பை இல்லாத ஸ்கார்பியோவும் சுழியமே பெற்றது. அதை ஓட்டி வருபவரிடம் எவரும் "ஏன் வாங்கினீர்கள்?" என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஈக்கோவின் குறைகளை நான் மறைக்கவில்லை. எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது, வெப்பமும் இரைச்சலும் உண்டு, முன்மூக்கு குட்டை. எனினும், 'வணிக வண்டிதானே' என்னும் அலட்சியம் நிறுவனங்களுக்குத்தான் வசதி. வேனில் நெருக்கியடித்துப் பள்ளி செல்லும் பிள்ளைகளின் உயிரும் அந்தச் சொல்லால் மலிவாகிறது.

எங்கள் தேவை எளியது. ஐவர் கொண்ட குடும்பம். பாட்டிக்கு மடக்கும் சக்கர நாற்காலி. ஏழு இருக்கை வடிவத்தில் நாற்காலி வைக்கப் பின்னால் இடம் போதாது. ஃபோர்ஸ் டிராவலர் எங்கள் ஐதராபாத் சந்துக்குள் திரும்பாது. சரக்கு ஈக்கோவை வாங்கி இருக்கை பொருத்திக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது. அது மஞ்சள் போர்டு வண்டி. முதல் எட்டாண்டுகளுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 52ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பிடிப்பது அந்த மாற்றத்தைத்தான்.

எஞ்சியது ஐந்து இருக்கை ஈக்கோ, வெள்ளை போர்டில். பக்கவாட்டில் சறுக்கும் கதவு திறந்தால் நாற்காலியை வாசலோடு ஒட்டி நிறுத்தலாம். நண்பர்கள் பரிந்துரைக்கும் உயரமான எஸ்யூவிகளில் பாட்டியைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். சனிக்கிழமை வண்டி பார்க்கப் பாட்டியையும் அழைத்துப் போகிறோம். ஏறி இறங்கிப் பார்த்து அவர் சொல்லட்டும்.