சொல்லாமல் விட்ட மாத்திரை

உடலெங்கும் தோல் திடீரெனச் சிவந்து, அதன்மேல் சிறு சீழ்க்கொப்புளங்கள் கூட்டமாக எழும். கடுங்காய்ச்சலும் நடுக்கமும் உடன்வரும். பொதுப்படைச் சீழ்க்கொப்புள சொரியாசிஸ் என்னும் அரிய நோயின் தோற்றம் இது. அக்கொப்புளங்களுக்குக் கிருமி காரணமன்று; ஆதலால் நோய் பிறருக்குத் தொற்றாது. எனினும், தக்க நேரத்தில் கட்டுப்படுத்தாவிடில் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

நூறாண்டுகளுக்கு முன்பே விவரிக்கப்பட்ட இந்நோய்க்கு நெடுங்காலம் தனக்கென ஒரு மருந்து இருக்கவில்லை. இன்டர்லூக்கின்-36 என்னும் அழற்சித் தூண்டலைக் கட்டுக்குள் வைக்கும் மரபணு சில நோயாளிகளிடம் பழுதுற்றிருப்பது 2011இல் கண்டறியப்பட்டது. அத்தூண்டலின் வழியை மறிக்கும் ஸ்பெசோலிமாப் என்னும் உயிரியல் மருந்துக்கு 2022 செப்டம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அதற்கு முந்தைய ஆய்வில், இம்மருந்தை நரம்பு வழியே பெற்ற 35 பேரில் 19 பேருக்கு ஒரே வாரத்தில் கொப்புளங்கள் கண்ணுக்குத் தெரியாதவாறு மறைந்தன. மருந்தில்லாத் திரவம் பெற்ற 18 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது.

இம்முன்னேற்றத்தை மனமார வரவேற்கிறோம். ஆயினும், மருந்து மட்டும் போதாது என்பதே எங்கள் கருத்து. இந்நோயைச் சீறியெழச் செய்யும் காரணங்களுள் முதன்மையானது, ஸ்டீராய்டு மருந்தைத் திடீரென நிறுத்துவது. தோல் வெடிப்புக்கென எங்கோ வாங்கிய மாத்திரை, மாதந்தோறும் போட்டுக்கொண்ட ஊசி, உள்ளிருப்பது இன்னதென்று அறியாத பொடி ஆகியவற்றைப் பற்றிக் குடும்பத்தார் பெரும்பாலும் எங்களிடம் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்று எங்களையே கேட்டுக்கொண்டோம். சொன்னவர்களை நாங்கள் கடிந்துகொண்டதே அதற்குக் காரணம். அக்குறை எங்களுடையது.

காசநோயைப் பற்றியும் இவ்வாறே. நம் நாட்டில் பலருடைய உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடக்கிறது. நோயெதிர்ப்பை மட்டுப்படுத்தும் மருந்துகள் அதை எழுப்பிவிடக் கூடும். அதனால்தான் உயிரியல் மருந்துக்கு முன் இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் கேட்கிறோம். அதை வீண் தாமதமென்று எண்ண வேண்டாம். ஆனால் வீட்டில் ஒருவருக்குக் காசநோய் இருந்ததை, பெண்ணின் திருமணப் பேச்சுக்கு அஞ்சி மறைத்துவிட்டால், எங்கள் பரிசோதனையின் பாதுகாப்பும் குறைந்துவிடும்.

ஆகவே உங்களிடம் ஒன்று வேண்டுகிறோம். இதுவரை உட்கொண்ட மருந்துகள் அனைத்தையும், காலி அட்டைகளையும் ஒரு பையிலிட்டு எடுத்து வாருங்கள். ஸ்டீராய்டு என்று தெரிந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவைப் படிப்படியாகக் குறைப்பது எங்கள் பொறுப்பு. பிறர்முன் சொல்லத் தயங்கினால் தனியே கேளுங்கள். அறைக்கதவைச் சாத்திவிட்டுப் பேசுவோம்.

நீங்கள் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் கடியாமல் கேட்போம்.