ஜிமெயிலே போதுமா?

பினாங்கின் பாயான் பாருவில் சிறுதொழில் செய்யும் நம்மவர்களிடம் சொந்த டொமைன் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஜிமெயில் இருக்கு, வாட்சாப் இருக்கு. காசு குடுத்து இன்னொண்ணு எதுக்கு?" லாரி ஓட்டுபவர், துப்புரவுக் குத்தகை எடுப்பவர், கேன்டீன் நடத்துபவர் எல்லாரும் இதையே சொல்கிறார்கள். 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் இவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள ஆலைகளின் கொள்முதல் பிரிவுக்குக் கொட்டேஷன் அனுப்புகிறவர் சொல்லக்கூடிய வாதமா இது?

"கூகுள் அவ்வளவு பெரிய கம்பெனி, எங்கே போய்விடும்?" என்பார்கள். ஜாரிங்கைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தோம். 1992இல் அரசின் மிமோஸ் ஆய்வு நிறுவனம் தொடங்கிய அது மலேசியாவின் முதல் இணையச் சேவை. வணிக அட்டையில் ஜாரிங் முகவரி இருந்தால் அப்போது அது ஒரு கௌரவம். 2015இல் ஜாரிங் மூடப்பட்டது. அந்த முகவரிகளும் அதோடு போயின. அட்டையை மாற்றி அச்சடிக்கலாம், பழைய வாடிக்கையாளர் அனுப்பும் கடிதத்தை யார் வாங்கித் தருவது?

இதற்கு நேர்மாறானது கூகுளின் கதை. சொந்த டொமைனுக்கு அது முன்பு இலவசமாக அஞ்சல் வசதி தந்தது. 2022இல் தொழில் நடத்துகிறவர்கள் இனிக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றது. பிடிக்காதவர்கள் டொமைன் அமைப்பில், அஞ்சல் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் என்ற பதிவை மாற்றி வேறு சேவைக்குப் போகலாம். முகவரியில் ஓர் எழுத்துகூட மாறாது. கைத்தொலைபேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் உரிமை நமக்கு 2008இல் கிடைத்தது. மின்னஞ்சலில் அந்த உரிமை டொமைன் வைத்திருப்பவருக்கு மட்டுமே.

செலவா? '.காம்.மை' பெயருக்கு ஆண்டுக்கு நூறு ரிங்கிட்டை ஒட்டி ஆகும். சென்னையின் ஸோஹோவில் ஓர் அஞ்சல் பெட்டிக்கு மாதம் ஏறத்தாழ ஒரு டாலர். ஆலை வாசலில் லாரி ஒரு நாள் காத்துக் கிடந்தாலே இதைவிட அதிகம் போகும்.

யாரும் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. கடையின் ஜிமெயிலைத் திறந்தது யார்? பல இடங்களில் முதலாளி அல்ல, கணக்குப் பிள்ளை. மீட்பு எண்ணாகப் பதிந்திருப்பது அவருடைய கைப்பேசி. அவர் மனக்கசப்போடு வேலையை விட்டுப் போனால் பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், பாக்கிப் பேச்சு எல்லாம் அவரோடு போகும். கூகுளைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு அவருடையதுதான். சொந்த டொமைனில் முதலாளியே கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, அந்தப் பெட்டியைப் புதிதாக வருபவரிடம் கொடுத்துவிடலாம். வாட்சாப்பிலும் இதே சிக்கல்தான். போதாக்குறைக்கு, 2021 அக்டோபர் 4 அன்று அது ஆறு மணி நேரம் உலகெங்கும் படுத்துக் கிடந்தது.

"சொந்த டொமைன் கடிதம் ஸ்பேமுக்குப் போகுமே?" இதில் பாதி உண்மை உண்டு. கடிதம் உங்கள் டொமைனுடையதுதான் என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளைச் செய்யாமல் விட்டால் போகத்தான் செய்யும். ஆனால் இலவச முகவரியும் இதற்கு விலக்கல்ல. 2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் விதியை இறுக்கி, தன் வழியாக வராத யாஹூ முகவரிக் கடிதங்களை ஏற்க வேண்டாம் என்றது. யாஹூ முகவரியைப் போட்டு வேறு சேவை வழியாக வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் அனுப்பிவந்த சிறு கடைகளின் அஞ்சல் திடீரெனத் திரும்பியது. விதி யாஹூவுடையது என்பதால் கடைக்காரர் செய்ய ஒன்றுமில்லை.

இந்தப் பதிவுகள் மோசடியையும் ஓரளவு தடுக்கும். டிமார்க் விதியை இறுக்கமாக வைத்திருந்தால், உங்கள் டொமைன் பெயரை அப்படியே போட்டு, "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று ஆலைக்கு எழுதுகிறவனின் கடிதம் பெரும்பாலும் தடுக்கப்படும். ஓரெழுத்து மாற்றி வேறு டொமைன் வாங்குகிறவனை இது தடுக்காது. ஆனால் ஜிமெயில் முகவரியில் 88ஐ 888 ஆக்குகிறவனுக்கு அந்தச் செலவுகூட இல்லை.

எதிர்வாதம் செய்பவர்கள் உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. வலைத்தளம் செய்து தந்தவர் டொமைனைத் தம் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தால், ஜிமெயிலில் கணக்குப் பிள்ளையிடம் மாட்டியவர் இங்கே வலைத்தளக்காரரிடம் மாட்டுவார். புதுப்பிக்க மறந்தாலும் ஆபத்து: பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு வரும் கடிதம் அவருக்குப் போகும். ஆகவே பதிவு நிறுவனத்தின் பெயரிலும், அதன் கடவுச்சொல் முதலாளியிடமும் இருக்க வேண்டும். கட்டணத்தைச் சில ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்டிவிடலாம். பழைய ஜிமெயிலை மூட வேண்டாம். அதில் வருவதைப் புதிய பெட்டிக்குத் திருப்பிவிட்டு, பதிலை மட்டும் புதிய முகவரியிலிருந்து அனுப்பி வந்தால் போதும்.