தேடிப் போகிறவர்

அறுவடையின் பின்னால் ஊர் ஊராகப் போகும் அமெரிக்கக் கூலிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கான கல்வி நிதியை 2025 ஜூலையில் டிரம்ப் அரசு நிறுத்திவைத்ததும், கூச்சல் கிளம்பியபின் விடுவித்ததும் வாசகர்கள் அறிந்த கதை. அந்தச் சண்டை கிடக்கட்டும். 1966-இல் பிறந்த அந்தத் திட்டத்தில் என்னைக் கவர்ந்தது, பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பதுதான். பிள்ளை பள்ளிக்கூடம் வரட்டும் என்று அவர் மேசையில் உட்கார்ந்திருப்பதில்லை. தோட்டத்துக் குடியிருப்பு, பழம் தரம் பிரிக்கும் கொட்டகை, சலவைக் கடை என்று அலைகிறார். எப்போது வந்தீர்கள், எங்கிருந்து, ஸ்ட்ராபெரி பறிக்கவா, வெங்காயம் அறுக்கவா என்று விசாரித்துப் படிவத்தை நிரப்புகிறார். கடந்த மூன்று ஆண்டுக்குள் விவசாய வேலைக்கோ மீன்பிடி வேலைக்கோ ஒரு பள்ளி மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடும்பம் வந்திருந்தால் போதும், பிள்ளைக்குத் திட்டத்தில் இடம் உண்டு. குடியுரிமை இதற்கு நிபந்தனையே இல்லை. (கம்ப்யூட்டர் வேலைக்காக ஊர் மாறும் நம்மவர் பிள்ளைகளுக்கு இதில் இடமில்லை, அவர்களுக்குத் தேவையுமில்லை.) டெக்சாஸில் பாதி படித்த அல்ஜீப்ராவை வாஷிங்டன் மாநிலத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் பெண்ணுக்கு, அவளது மதிப்பெண் விவரம் இத்திட்டத்தின் கணினி வழியே முன்னதாகப் போய்ச் சேர்வது சின்ன உதவியா? ஆனால் எல்லாவற்றுக்கும் முதல்படி, யாரோ ஒருவர் போய்க் கதவைத் தட்டுவது. மாநிலத்துக்கு வரும் பணமே இப்படிக் கண்டுபிடித்த பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. தேடுகிறவர் வேலையில் கைவைத்தால், பிள்ளைகளே குறைந்துவிட்டதாகத்தான் அரசுக் கணக்கு சொல்லும்.