நாளை என்றால் நாளைதான்

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் போன மழைக்காலத்தில் ஒரு மாலை தன் ஆங்கில விடைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். “இதுல என்னப்பா தப்பு?” என்று கேட்டாள். டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஸ்பீச்சாக மாற்றும் கேள்வி. ‘தி ஹெட்மாஸ்டர் செட் திஸ் மார்னிங், “தி ஸ்கூல் வில் பி க்ளோஸ்டு டுமாரோ.”’ அவள் எழுதியிருந்த விடை: ‘தி ஹெட்மாஸ்டர் செட் திஸ் மார்னிங் தட் தி ஸ்கூல் வில் பி க்ளோஸ்டு டுமாரோ.’ ‘வில்’லைச் சிவப்பு மையால் சுழித்து மேலே ‘உட்’ என்றும், ‘டுமாரோ’வை அடித்து ‘தி நெக்ஸ்ட் டே’ என்றும் எழுதி, ஓரத்தில் பெரிதாக ஒரு சுழியம் போட்டிருந்தார்கள். இரண்டு மதிப்பெண் போயிற்று.

அன்று இரவு எட்டு மணிக்கு மழை வலுத்தது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அதே ஆசிரியையிடமிருந்து செய்தி வந்தது: ‘கலெக்டர் செட் ஸ்கூல்ஸ் வில் பி க்ளோஸ்டு டுமாரோ.’ செய்தி தெளிவாக இருந்தது. ஆங்கிலம் அதிகம் தெரியாத பெற்றோருக்கும் புரிந்தது. மறுநாள் ஒரு பிள்ளைகூடப் பள்ளிக்குப் போகவில்லை. என் மகள் எழுதியதும் இதே அமைப்பில் உள்ள வாக்கியம்தான். அவளுக்குச் சுழியம்.

அந்த ஆசிரியை தன் சொந்தத் தேவைக்கு எழுதும்போது சரியாகவே எழுதினார். சிவப்புப் பேனாவைக் கையில் எடுக்கும்போதுதான் இலக்கணப் பாடத்தின் மாற்று அட்டவணை வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘செட்’ வந்தால் பின்னால் வருவதெல்லாம் இறந்தகாலமாக வேண்டும். ‘நவ்’ என்பது ‘தென்’ ஆகும். ‘டுடே’ என்பது ‘தட் டே’ ஆகும். ‘டுமாரோ’ என்பது ‘தி நெக்ஸ்ட் டே’ ஆகும். தமிழ்நாட்டில் ஆங்கிலம் படித்த எவரைத் தூக்கத்தில் எழுப்பினாலும் இதை ஒப்பிப்பார். இதை ஒப்பிக்கத் தெரிந்தால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்துவிட்டது என்று ஊரே நம்புகிறது. இந்த நம்பிக்கை பொய்.

நாளை என்பது நிற்கிற இடத்தைப் பொறுத்தது. தலைமை ஆசிரியர் இன்று காலை சொன்ன நாளை, நான் இன்று மாலை சொல்லும்போதும் நாளைதான். அதை ஏன் ‘அடுத்த நாள்’ ஆக்க வேண்டும்? நான் அதைப் பத்து நாள் கழித்துச் சொன்னால் மாற்றத்தான் வேண்டும்; அப்போது அது நாளை இல்லை. வாக்கியத்தை மாற்றுவதற்கு முன் பிள்ளை கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: நான் இதை எப்போது சொல்கிறேன், யாரிடம் சொல்கிறேன். அந்த இரண்டையும் கேட்க விடாமல் செய்வதுதான் அட்டவணையின் ஒரே வேலை.

இந்த அட்டவணைக்கு எல்லோரும் சாட்சிக்கு இழுப்பது ரென் அண்டு மார்ட்டினை. பம்பாயில் இந்தியக் கல்விப் பணியில் இருந்தவரும், ‘போ ஜெஸ்ட்’ நாவலை எழுதியவருமான பி.சி. ரென், ஹெச். மார்ட்டினோடு சேர்ந்து எழுதிய புத்தகம் அது. 1930களில் வெளிவந்து இன்றுவரை நம் வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. அட்டவணை உள்ள பக்கத்தை மட்டும் படிக்காமல் அந்தப் பாடம் முழுவதையும் படித்துப் பாருங்கள். சொல்பவருக்கு முன்னால் இருக்கிற பொருளையோ இடத்தையோ நேரத்தையோ குறித்தால் ‘திஸ்’, ‘ஹியர்’, ‘நவ்’ போன்றவற்றை மாற்ற வேண்டாம் என்று அதுவே சொல்கிறது. சொன்ன செய்தி இன்னும் பொருந்துமானால் காலத்தையும் மாற்றாமல் விடலாம் என்றும் இன்று கடையில் கிடைக்கும் பதிப்பில் இருக்கிறது. நாம் வேதமாகப் பிடித்திருக்கிற புத்தகமே என் மகளுக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்திருக்கும்.

வினையின் காலம் இப்படிப் பின்னுக்கு நகர்வதற்கு ‘பேக்ஷிஃப்டிங்’ என்று பெயர். அதை விளக்கியவர்களில் ஒருவர் டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பெர்சன். 1924இல் வந்த அவருடைய ‘தி ஃபிலாஸஃபி ஆஃப் கிராமர்’ நூலில் அந்த விளக்கம் இருக்கிறது. செய்தி இன்னும் உயிரோடு இருந்தால் அந்த நகர்வு கட்டாயமில்லை என்று 1985இல் ராண்டால்ஃப் குவர்க் குழுவினரின் பேரிலக்கணமும், 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணமும் எழுதிவிட்டன. நம் வினாத்தாள்களுக்கு மட்டும் இந்தச் சேதி வரவில்லை.

அந்த அட்டவணைக்கு ஒரு காலத்தில் வேலை இருந்தது. பழைய காலத்துச் செய்தித்தாள்கள் நாடாளுமன்றப் பேச்சைப் படர்க்கையில் சுருக்கி எழுதின. படிப்பவர் வேறு ஊரில், வேறு நாளில் உட்கார்ந்து படிப்பார். அவருக்கு ‘நாளை’ என்று எழுதினால் குழப்பம். பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பேச்சுகளின் பதிவேடான ஹன்ஸார்டிலேயே 1909இல்தான் எல்லா உறுப்பினர்களின் பேச்சையும் தன்மையில் முழுதாகப் பதிவுசெய்யும் முறை வந்தது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதும் குமாஸ்தாவுக்கு இன்றும் அந்த அட்டவணை உதவும். மழை விடுமுறையைப் பாட்டியிடம் சொல்ல ஓடுகிற பிள்ளைக்கு எதற்கு அது?

நம் பிள்ளைகளுக்கு உண்மையில் இடிக்கிற இடம் வேறு. “முருகன் நான் வரமாட்டேன்னு சொன்னான்” என்று தமிழில் சொன்னால் வராதவன் முருகன் என்று எல்லோருக்கும் தெரியும். ‘என்று’ என்னும் சொல் பேசியவன் வாயிலிருந்து வந்ததை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடும். அதே பிள்ளை ஆங்கிலத்தில் ‘முருகன் டோல்டு தட் ஐ வில் நாட் கம்’ என்கிறது. கேட்கிறவர் காதில் விழுவது, வராதது இந்தப் பிள்ளை என்பது. இது மதிப்பெண் குறைகிற தவறு அல்ல, சேதியே தலைகீழாகப் போகிற தவறு. ‘டோல்டு’ போட்டால் யாரிடம் என்று சொல்லியாக வேண்டும் என்பதும், ‘வேர் ஆர் யு கோயிங்?’ என்ற கேள்வி உள்ளே போகும்போது ‘வேர் ஐ வாஸ் கோயிங்’ என்று வரிசை மாறும் என்பதும் இதைப் போன்றவையே. பொறியியல் பட்டம் வாங்கி வேலைக்குப் போய் ஐந்து வருடம் ஆனவர்கள் மேலாளரிடம் ‘கிளையன்ட் டோல்டு தட் ஐ வில் செண்ட்’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். யார் அனுப்புவது, கிளையன்ட்டா இவரா? பள்ளியில் இவர்கள் எல்லோரும் ‘டுமாரோ’வை ‘தி நெக்ஸ்ட் டே’ ஆக்கி இரண்டு மதிப்பெண் வாங்கியவர்கள்தான்.

தமிழ்ப் பாடமும் இப்போது அதே பாதையில்தான். நேர்க்கூற்று, அயற்கூற்று என்று தலைப்புப் போட்டு, ‘நாளை’ என்பது ‘மறுநாள்’ ஆகும், ‘இது’ என்பது ‘அது’ ஆகும் என்று அதே பட்டியலைத் தமிழ் எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். என் அம்மா பள்ளிக்கூடத்தையே பார்த்ததில்லை. “நாளைக்கு லீவாம்” என்பார். அந்த ‘ஆம்’ ஒன்றே போதும்: இது நான் சொல்வதல்ல, யாரோ சொல்லக் கேட்டது. “வர்றேன்னா” என்பது ஒன்று, “வர்றாளாம்” என்பது இன்னொன்று, “வர்றதா சொன்னா” என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் உள்ள இடைவெளியை எந்தத் தமிழ் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? “இதைச் செய்வாயா?” என்று கேட்டால் “உடம்பு வலிக்கிறது” என்பதும் ஒரு விடை என்று நன்னூல் எண்ணி வைத்திருக்கிறது. அதை ‘மாட்டேன் என்றான்’ என்று கொண்டுபோய்ச் சொல்வதா, ‘உடம்பு வலிக்கிறது என்றான்’ என்று சொல்வதா? பிறர் பேச்சை எடுத்துச் சொல்வதில் உள்ள நேர்மையே இதில்தான் இருக்கிறது. நன்னூலை எழுதிய பவணந்தியாருக்குத் தெரிந்தது நம் வினாத்தாள் தயாரிப்பவருக்குத் தெரியவில்லை.

ஆங்கில வகுப்பு முழுக்க இதே கதிதான். ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் ஆக்கு, பாஸிட்டிவ் டிகிரியைச் சூப்பர்லேட்டிவ் ஆக்கு, சிம்பிளைக் காம்பௌண்ட் ஆக்கு. பன்னிரண்டு வருடம் வாக்கியத்தைப் புரட்டிப் போட்ட பிள்ளைக்கு, வங்கிக்குப் போன் செய்து ‘நேற்று உங்கள் ஊழியர் இப்படிச் சொன்னார், இன்று நீங்கள் வேறு மாதிரி சொல்கிறீர்கள்’ என்று ஆங்கிலத்தில் சொல்ல வாய் வரவில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டிச் சேர்ந்தால் அங்கேயும் முதல் வாரம் அதே அட்டவணையைப் பலகையில் எழுதுகிறார்கள்.

விடைத்தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். “எக்ஸாம்ல இப்படித்தான் சார் எதிர்பார்ப்பாங்க” என்றார் ஆசிரியை. வாட்ஸ்அப்பில் அவர் எழுதிய வரியைக் காட்டினேன். சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மதிப்பெண்ணை மாற்றவில்லை.

ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களே, மழை இன்னும் வரும், கலெக்டர் இன்னும் விடுமுறை விடுவார். அன்று மாலை வீட்டுக்குப் போகும் முன் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, ‘கலெக்டர் என்ன சொன்னார், ஆங்கிலத்தில் சொல்’ என்று கேளுங்கள். அது ‘டுமாரோ’ என்றுதான் சொல்லும். அதற்கு இரண்டு மதிப்பெண் போடுங்கள்.